பாலாடையில் தடவிய வேப்பிலை

ஜம்புலிங்கம் என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது போர்ட் பிளேரில், ஆஸ்பத்திரி வரிசையில். அறுபத்தாறாம் வருஷம், மாசி மாதம். என் பெரியப்பா மகள் நீலாவதிக்குத் துணையாகப் போயிருந்தேன், அவள் பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. சீட்டு எழுதுகிற நர்ஸ் புருஷன் பெயரைக் கேட்கிறாள், நீலாவதி தரையையே பார்க்கிறாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். வரிசையே சிரித்தது. பின்னால் நின்ற ஒல்லி மனிதர், "ஜம்புலிங்கம்னு எழுதிக்குங்க சிஸ்டர். நம்ம ஆயுசு கெட்டி, ஒண்ணும் ஆகாது" என்றார். அது என்னவோ கெட்டிதான்.

சிவகங்கைப் பக்கத்து மனிதர். ரோடு போடுகிற வேலைக்குக் கப்பலேறி வந்து, சர்க்கார் மஸ்தூராக, கூலியாளாக, நிலைத்தவர். ஜங்லிகாட்டில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வீடு. பிள்ளைக்கு அலமு என்று பெயர். உதடு நன்றாக இருந்தது, மேலண்ணம்தான் நடுவில் பிளந்திருந்தது. முலையைக் கவ்வுமே தவிர உறிஞ்ச வராது. கவ்விப் பார்த்துவிட்டு அழும்.

அன்றைக்கு நர்ஸ் ஒரு பம்பு கொடுத்தாள். கண்ணாடிக் கிண்ணம், அதன் வாலில் ரப்பர் உருண்டை. உருண்டையை அமுக்கி அமுக்கி விட்டால் பால் இறங்கும். ஒரு வருஷம் நீலாவதி அப்படிப் பீய்ச்சிக் கொடுத்தாள், ஜம்புலிங்கம் பாலாடையில், மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தில், புகட்டினார். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் மூக்கு வழியே வந்துவிடும். தார் காய்ச்சுகிற கை அவ்வளவு நிதானமாக இருக்குமா என்று பார்த்தவர்கள் எல்லாம் அதிசயப்பட்டார்கள்.

பிள்ளைக்கு வயது ஒன்று ஆனபோது மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அண்ணத்தைத் தைக்கிறோம், இந்தத் தேதிக்குள் கூட்டி வா என்று. நீலாவதிக்கு அப்போது அடுத்தது ஏழு மாதம். ஏழு மாதக்காரியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். ஜம்புலிங்கம்தான் பிள்ளையோடு போக வேண்டும். நாலு நாள் கடல், அப்புறம் ஒரு மாதம் ஆஸ்பத்திரி. தாய்ப்பால் அவர்களோடு போகாது. கப்பல் கிளம்பப் பதினைந்து நாள் இருந்தது, அதற்குள் அலமு டப்பாப் பால் பழக வேண்டும்.

நர்ஸ் வழி சொன்னாள். "ஏக்தம், ஒரேயடியா மாத்தாதே. அம்மா பாலிலே ஒரு ஸ்பூன் பவுடர் பால், நாளைக்கு ரெண்டு. தீரே தீரே, மெதுவா."

பாதிக்குப் பாதி வரைக்கும் அலமு குடித்தாள். அதற்கு மேல் ஒரு ஸ்பூன் கூடினாலும் நாக்கால் தள்ளினாள். டாலிகஞ்சில் மாடு வைத்திருந்த வீட்டிலிருந்து பசும்பால் வாங்கி வந்து பார்த்தார்கள், அதையும் தள்ளினாள். பதினோராம் நாளும் அதே கதை. வயிற்றுப் பிள்ளை வளர வளர நீலாவதிக்குப் பாலும் சுண்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டுக் கரீமா, கடைக்கார ஜெய்னுதீன் பெண்சாதி, வேலி மேல் துணி போட வந்தவள் கேட்டாள். "ஏன் தங்கச்சி முகம் வாடிக் கெடக்கு?"

"பால் மறக்க மாட்டேங்குறாக்கா."

"இதுக்கா? என் மூணுக்கும் வேப்பிலைய அரைச்சு மார்ல அப்பிக்கிட்டேன். ரெண்டே நாள். அப்புறம் என்னைக் கண்டாலே ஓடுச்சுங்க, அவுக வாப்பாவைப் பார்த்த மாதிரி."

நீலாவதி சிரித்தாள். "என் மார்ல அப்பி என்னக்கா செய்ய? பம்புக்கா கசக்கப் போவுது?"

பேச்சு அதோடு முடிந்தது. உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த ஜம்புலிங்கத்துக்கு அந்தப் பேச்சு முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் கோயில் வேம்பில் கொழுந்து பறித்து வந்து, கல்லில் நசுக்கி, பாலாடையின் மூக்கில் தடவி, அதில் தாய்ப்பாலை ஊற்றினார். இது கசந்தால் டப்பாப் பாலுக்கு வாய் திறப்பாள் என்பது அவர் கணக்கு. நீலாவதி அப்போது குழாயடியில் இருந்தாள்.

ஒரு வாய்தான். அலமு உடம்பை வில்லாக வளைத்தாள். மூக்கில் பச்சையாக வழிந்தது. துடைத்துவிட்டு, பாலாடையைக் கழுவி, டப்பாப் பாலைக் கொண்டுபோனார். பாலாடையைக் கண்டதும் பிள்ளை வாயைப் பூட்டிக்கொண்டது.

நீலாவதி குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தன் பாலைப் பீய்ச்சிக் கொண்டுவந்தாள். அதற்கும் திறக்கவில்லை. ஒரு வருஷத்தில் நடக்காத காரியம். பாலாடை மூக்கை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்னத்தைத் தடவுனீங்க?"

"பழசை மறக்கட்டும்னுதான்..."

"எந்தப் பழசை? ஊருல மத்த பிள்ளைக்கு மாரு. இவளுக்கு இதுதாங்க மாரு."

ஸ்பூனில் கொடுத்தார்கள், கிண்ணத்தில் கொடுத்தார்கள். பளபளவென்று எது அருகில் வந்தாலும் கத்தினாள். கடைசியில் வெள்ளைத் துணியைத் தாய்ப்பாலில் நனைத்து, கன்னத்தில் சொட்டவிட்டதைத்தான் விழுங்கினாள். அது பூனைக்குக்கூடப் போதாது.

கப்பலுக்கு முதல் நாள் டாக்டர் தராசில் போட்டார். ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது, கண் குழிந்திருந்தது. "இந்த உடம்பில் மயக்க மருந்து தாங்காது, கடலும் தாங்காது. தேற்றிக் கொண்டுவா, அடுத்த தேதி கேட்கலாம்" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். கப்பல் போகும்போது ஜம்புலிங்கம் ரோட்டில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது, தலை நிமிரவில்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

வைகாசியில் இரண்டாவது பிள்ளை பிறந்தது, இந்திராணி. அது நன்றாக உறிஞ்சியது. தாய்க்கு மறுபடி பால் பெருகியது. ஒரு பக்கம் இதற்கு, மறுபக்கம் பம்பு வைத்து அதற்கு. அலமு துணியை விட்டு மெல்ல ஸ்பூனுக்கு வந்தாள், கொஞ்சம் குழைந்த சோறும் இறங்கியது. தேறிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆடி மழையில் சளி பிடித்தது. இருமும்போது பால் மூச்சுக்குழலில் இறங்கிவிட்டது. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் காலையில், தகப்பன் மடியில், போய்விட்டாள். அடுத்த தேதி போட்ட கடிதம் ஆவணியில் வந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் நீலாவதி, "கப்பல்ல இடம் கிடைக்கல, அதான் போகல" என்றாள். கரீமாவிடமும் அதையேதான் சொன்னாள். அவர் பேர் கெட்டுவிடக் கூடாது என்று முப்பது வருஷம் அந்த ஒரே பொய். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதுதான் என்னிடம் நடந்ததைச் சொன்னாள். "அவுக கிட்ட கேட்டுடாதே. அன்னைக்கு ஒரு தரம் நான் கேட்டதே அதிகம்" என்றாள்.

கேட்கவில்லை. ஆனால் ஒன்று. இந்திராணியின் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்து, பால் மறக்கடிக்கிற பேச்சு வந்தது. யாரோ வேப்பிலை என்றார்கள். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையை மடக்காமல் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், வெளியே போனார்.

எண்பத்தைந்து தாண்டிவிட்டது. ஜம்புலிங்கம் இப்போது பத்துபஸ்தியில் இந்திராணி வீட்டில் இருக்கிறார்.