ரானுயியில் ஒரு மாப்பிள்ளை விசாரணை

செவ்வாய், காலை ஆறே முக்கால். விமானம் ஆக்லாந்தில் இறங்கியது. வந்த நோக்கம் என்ன என்று குடிவரவு அதிகாரி கேட்டார். எரிமலைகள் பார்க்க என்றேன். உண்மையில் கொழும்பிலிருந்து இரண்டு விமானம் மாறி நான் வந்தது ஓர் ஆளைப் பார்க்க.

என் தங்கை ஜெயமலர், வீட்டில் ஜெயா, இங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ். வயது முப்பத்தொன்பது. கலியாணமே வேண்டாம் என்றிருந்தவள், ஓர் அமெரிக்கரை மணக்கப்போவதாக மார்கழியில் எழுதியிருந்தாள். பெயர் லெஸ்டர், வயது நாற்பத்தாறு, முழங்கால் சத்திரசிகிச்சைக்கு அவளுடைய வார்டுக்கு வந்தவர். பதினாலு வருடம் பேஸ்போல் விளையாடியே சம்பளம் வாங்கினாராம். அம்மா கடிதத்தை என்னிடம் நீட்டி, "நீ ஒருக்கா போய்ப் பாத்திட்டு வா" என்றா.

லெஸ்டரே காரோடு வந்திருந்தார். அவரிடமும் எரிமலைகள் பார்க்க வந்ததாகவே சொன்னேன். ஆறடிக்கு மேல் உயரம். வலது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. விமான நிலையத்திலிருந்து ஜெயாவின் வீடு இருக்கும் ரானுயி முப்பது கிலோமீற்றர் இருக்கும். வழி முழுவதும் கேள்வி கேட்டேன். மைதானத்தின் கோடியில் நின்று, அடிபட்டு உயரே வரும் பந்தை ஓடிப் பிடிப்பது அவர் வேலை. எங்கள் கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்பவரைப்போல. எத்தனை அணிகள் என்றேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர், லிங்கன் வீதியில் கார் திரும்பியபோது எண்ணிக்கை தவறிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் ஆடிய அணிகள் எத்தனை என்று தெரியாத ஒருவரா?

புதன், காலை பத்து மணி. வீட்டிலிருந்து இருநூறு யார் தூரத்தில் ஒரு டெயரி. பால், பாண், பத்திரிகை விற்கும் மூலைக்கடையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கடைக்காரர் கவுண்டர் என்பவர், பிஜியில் பிறந்தவர். வீட்டில் கேட்டுப் பழகிய தமிழ் கொஞ்சம் இருந்தது. பால் வாங்கும் சாட்டில் லெஸ்டரைப் பற்றி விசாரித்தேன். "ஆமா, தெரியும். மெக்சிகோவில ஆடினவர்" என்று சொல்லி, வருடத்தையும் சொன்னார். அதே வருடம் கனடா எல்லையருகே ஆடியதாக ஜெயா எழுதியிருந்தாள். பின்னேரம் கோயிலில் பாதிரியாரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்குச் சொல்லப்பட்ட ஊர் புளோரிடா. ஒரே வருடத்தில் மூன்று ஊர். குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடியில் கோடு போட்டேன்.

அன்று தேநீர் வேளையில் லெஸ்டர் இன்னொன்று சொன்னார். அமெரிக்காவின் உச்சப் போட்டியில் ஆடும் அணி ஒன்றில் ஒருமுறை பதினொரு நாள் இருந்தாராம். இது சோதிக்கக்கூடிய விஷயம். வியாழன் காலை பத்து டொலருக்குத் தொலைபேசி அட்டை வாங்கி, தெருமுனைப் பெட்டியிலிருந்து ரொறன்ரோவில் இருக்கும் மச்சானை அழைத்தேன். உச்சப் போட்டிகளில் ஆடிய எல்லாருடைய பெயரும் இருக்கும் தடித்த புத்தகம் அங்கே நூலகத்தில் உண்டு என்றான். வெள்ளி காலை மறுபடி அழைத்தேன்.

"ரெண்டு தரம் பாத்திட்டன் மச்சான். அந்தப் பேர் இல்லை."

எனக்கு வந்தது கவலையல்ல, சந்தோஷம். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

வெள்ளி, பகல் பன்னிரண்டேகால். ஆள் உண்மையில் வேலைக்காவது போகிறாரா என்று பார்க்க மனுரேவாவுக்குப் போனேன். ரானுயியிலிருந்து நகரத்துக்கு ஒரு ரயில், அங்கிருந்து தெற்கே இன்னொன்று. நிலையத்திலிருந்து இருபது நிமிட நடையில் அவர் சொன்ன பண்டகசாலை. கம்பிவேலியோரம் நின்று பார்த்தேன். பெட்டிகள் தூக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டுவிட்டார். சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே வந்து புல்லில் அமர்ந்து, பக்கத்தைக் காட்டினார்.

"இந்தத் தெருவில் எரிமலை இல்லை" என்றார். "கேட்க வந்ததைக் கேளுங்கள்."

மூன்று ஊரைக் கேட்டேன். குளிர்காலத்தில் மெக்சிகோ, வசந்தத்தில் பயிற்சிக்குப் புளோரிடா, கோடையில் வடக்கே ஓர் அணி. அந்த வருடம் கோடை நடுவில் அந்த அணியும் தன்னை விட்டுவிட்டது என்றார். பிறகு புத்தகத்தைச் சொன்னேன். பாதி தின்ற சான்ட்விச்சைப் பெட்டியில் வைத்தார்.

"அதில் ஆடியவர்கள் பெயர்தான் இருக்கும். நான் ஆடவில்லை."

ஒருவருக்குத் தோளில் காயம்பட, இவரைக் கூப்பிட்டார்களாம். பதினொரு நாளும் சீருடை போட்டு, சப்பாத்துக் கட்டி, பெஞ்சில் இருந்திருக்கிறார். ஒருநாளும் மைதானத்துக்குள் அனுப்பவில்லை. பன்னிரண்டாம் நாள் காயம்பட்டவர் திரும்பி வந்துவிட்டார். மறுபடி யாரும் கூப்பிடவில்லை. இதைச் சொல்லிவிட்டு மணியைப் பார்த்து எழுந்து போனார்.

ரயிலில் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது. யாராலும் சரிபார்க்க முடியாத பதில், பொய்யனுக்கு எவ்வளவு வசதி.

சனி, காலை. சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஜெயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஓம், பெஞ்சில இருந்த கதை எனக்குத் தெரியும். அண்ணா, பொய் சொல்லுற ஆள் எண்டால் ஒரு பந்தாவது பிடிச்சன் எண்டு சொல்லியிருப்பார்."

நான் குறிப்புப் புத்தகத்தை மூடினேன்.

"உங்களுக்கு உண்மையில என்ன பயம்?"

"வருசத்துக்கு ரெண்டு மூண்டு ஊர் மாறின மனுசன். இந்த ஊரில மட்டும் நிப்பாரோ?"

அவள் மறுபடி சட்டையை விரித்தாள். "அந்தப் பயம் எனக்கும் இருக்கு" என்றாள்.

ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. புறப்பாடு. எங்கள் மன்னார்ப் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிப்பது எளிது. கோயில் பதிவேடு இருக்கும், படித்த பள்ளிக்கூடம் இருக்கும், இரண்டு தெரு நடந்தால் அவருடைய தகப்பனின் கோபம்வரை சொல்ல ஆள் இருக்கும். ரானுயியில் ஒரு வேலிக்கு அந்தப்பக்கம் சமோவா, இந்தப்பக்கம் மன்னார். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிச் சொல்வதுதான் அவருடைய ஊர். என் தங்கையைப் பற்றி விசாரிக்க லெஸ்டர் ஆள் அனுப்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விமான நிலையத்தில் அவரிடம், பாஸ்காப் பெருநாளுக்குப் பிறகு கலியாணத்துக்கு ஒரு நாள் வையுங்கள் என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜெயா அழுதாள்.

அவர்கள் மணமுடித்து ஆறு வருடமாகிறது. ஜெயாவின் கடிதம் வந்தால் உடைக்கும் முன் உறையைத் திருப்பி, அனுப்புநர் முகவரியைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்னும் ரானுயிதான்.