லேசாகிப்போன ஸ்டியரிங்

சிறுவாச்சூர் சிங்காரவேலுவிடம் மாமனார் காலத்து ஜீப் பிக்கப் ஒன்று இருந்தது. சின்ன வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு பல வருஷம் திருச்சிக்கு ஓடினார். மூட்டை ஏறிவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும்; வளைவுகளில் சீட்டை விட்டு எழும்பித்தான் திருப்புவார்.

2005 மழைக்காலத்தில் அவருடைய வலது கைக்குச் சட்டைப் பொத்தான் அகப்படவில்லை. அடுத்த மாதம் சந்தை வாசலில் வண்டியைப் புளியமரத்தில் இடித்தார். தஞ்சாவூர் டாக்டர், இது நரம்பு வியாதி, போகப்போக முற்றும் என்றார். ஊரில் கேட்டவர்களிடம் சிங்காரவேலு, "வண்டிதான் கனமாயிடுச்சு" என்றே சொல்லிவந்தார்.

அரியலூர் மெக்கானிக் இராமலிங்கம் அவருடைய பழைய கூட்டாளி.

"புது கார்ல மோட்டார் வச்ச ஸ்டியரிங் வருதுல்ல, அத இதுல மாட்டிடு" என்றார் சிங்காரவேலு.

"அது இந்த வண்டிக்குன்னு செஞ்சதில்ல வேலு."

"முடியுமா முடியாதா, அத சொல்லு."

விபத்தில் நொறுங்கிய சிறிய கார் ஒன்றிலிருந்து மோட்டாரோடு ஸ்டியரிங் தண்டைக் கழற்றினார் இராமலிங்கம். நீளம் பொருந்தவில்லை. வெட்டி, லேத்தில் கடைந்து பற்றவைத்தார். மோட்டார் இழுக்கும் கரண்டைப் பழைய டைனமோ தாங்காது என்று அதையும் மாற்றினார். சிங்காரவேலு அடிக்கடி பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வேலை முடிய மாசி பிறந்துவிட்டது.

சிங்காரவேலு சாவியைத் திருகி ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் தொட்டார், சக்கரம் திரும்பியது. சிரித்தார். கியர் போடப் போனார். இப்போது இடது கையும் கியர்க் கம்பியைப் பிடிக்காமல் நழுவியது. திரும்ப முயன்றார், திரும்பவும் நழுவியது. இராமலிங்கம் கை கழுவப் போவதுபோல் வெளியே போய்விட்டார்.

வண்டியை ஊருக்கு இராமலிங்கம்தான் ஓட்டிவந்து விட்டார்.

"நான் கத்துக்கிறேங்க" என்றாள் மனைவி மலர்க்கொடி.

"நீ ஓட்டத்தான் இம்புட்டுப் பாடுபட்டனா?"

ஆனாலும் அவள் இராமலிங்கத்திடம் கற்றுக்கொண்டாள், லைசென்ஸும் வாங்கினாள். சிங்காரவேலு வாசலுக்கு வந்து ஒருநாளும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் அவருக்கு மூச்சு இழுத்தது. மலர்க்கொடி அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தஞ்சாவூருக்கு ஓட்டினாள். திருமானூர்ப் பாலம் ஏறும்போது வண்டி திணறியது.

"செகண்ட்ல போடு" என்றார் மெல்ல.

போட்டாள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் மறுநாள் இறந்துபோனார்.

தை மாதம் வெங்காயம் ஏற்றக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். மலர்க்கொடி போனாள். பழைய வண்டி இத்தனை லேசாகத் திரும்புகிறதே என்று யாராவது சொன்னால் ரோட்டைப் பார்த்தபடி கியரை மாற்றுவாள்.