வெள்ளிக்கிழமை இனித்த கிணறு

நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. காய்கறி வாங்கப் போனால் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். அதனால், நாங்கள் சாமான் வாங்கும் பலசரக்குக் கடைக்காரர் உப்பளத்துப் பக்கம் இருக்கும் தன் மனையை மலிவாகத் தருகிறேன் என்றதும், வாங்கலாமா என்று நான் யோசிக்கவில்லை. ஏன் விற்கிறார் என்றுதான் யோசித்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. புதுத் துறைமுகம் வந்து தூத்துக்குடியில் மனை விலை ஏறிக்கொண்டிருந்தது. நான் அங்கே கிளார்க். நாங்கள் குடியிருந்த வளவில் ஏழெட்டுக் குடித்தனங்களுக்கும் குழாய் ஒன்றுதான். அதுவும் வீட்டுக்கார அம்மாளின் கதவுக்கு உள்ளே. ஒருநாள் என் மனைவி மூன்றாவது குடத்தை வைத்தபோது அந்த அம்மாள் அதைக் காலால் நகர்த்தி, "ஆத்தையே குடிச்சு வளந்தவளோ?" என்று கேட்டிருக்கிறாள். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். ஆற்றைக் குடித்து வளர்ந்தவள்தான்.

"யாரு மொகத்தையும் பாக்காம ஒரு கொடம் தண்ணி எடுக்கணும். அதுக்கு ஒரு எடம் பாருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அன்று அவள் அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரமும் வெட்கமும் தாங்கவில்லை.

கடைக்காரரின் மனை முன்னால் அகலம், பின்னால் போகப் போக ஒடுக்கம். ஒரு பக்கம் உப்பளத்து வரப்பு. குச்சியால் கீறினால் மண்ணுக்குப் பதில் சிப்பி வந்தது. பள்ளத்தை மூடிய இடமோ என்று ஒரு சந்தேகம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தம். மூலப்பத்திரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், அதுவும் சுத்தம். எல்லாம் இவ்வளவு சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். அவர் மனைவியிடம், "இந்த எடத்துல யாரும் துர்மரணமாச் செத்திருக்காவளா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இல்ல அண்ணாச்சி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவையும் சந்தேகப்பட்டேன்.

மனையில் ஓர் உறைகிணறு இருந்தது. ஆழம் அதிகம் இல்லை. "சக்கரையா இனிக்கிற தண்ணி சார். வெள்ளிக்கிழமை காலம்பற தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க, நல்ல நாளு" என்றார் கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை போனோம். அவரே வாளி விட்டு இறைத்து என் கையில் ஊற்றினார். குடித்தேன். எங்கள் ஊர் படித்துறையில் இறங்கிக் குடித்த அதே ருசி. அத்தனை நாள் சேர்த்து வைத்த சந்தேகம் முழுவதும் ஒரு வாயில் இறங்கிப் போய்விட்டது. "நம்ம ஆத்துத் தண்ணியேதான்!" என்று கத்தினேன். கடைக்காரர் சிரித்தார். அங்கேயே முன்பணம் கொடுத்திருப்பேன். என் மனைவிதான், "இருங்க, பருப்பு வேகுதான்னு பாத்துட்டுச் சொல்லுவோம்" என்று தூக்குச்சட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தவள் முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பிளீச்சிங் பவுடர் வாடை.

"நம்ம ஆத்துத் தண்ணியேதான். குழாய்ல வருதே, அது. இந்த ஊருக்கு ஆத்துல இருந்துதானே தண்ணி வருது?"

ஆற்றங்கரையில் பிறந்தவனைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாந்திருக்க முடியாது. திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் இறைத்துப் பார்த்தோம். வாயில் வைக்க முடியவில்லை, கரிப்பு. கிணற்றோரம் வண்டிச் சக்கரத் தடம் இன்னும் அழியாமல் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் தானாகவே வெளியே வந்தாள்.

"வியாழக்கிழமை கெணத்த எறச்சிட்டு, தெருமொனைக் குழாய்ல புடிச்ச தண்ணிய பீப்பாயில கொண்டாந்து ஊத்துனாவ."

"கெணறு கரிக்கும்னு அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"நீங்க செத்தவங்களப் பத்தித்தான கேட்டீய. தண்ணியப் பத்திக் கேக்கலியே?"

கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று கிளம்பினேன். என் மனைவி அசையாமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பொதுக்குழாய், வரிசையாகக் குடங்கள்.

"இந்த எடத்தையே வாங்குவோம்" என்றாள்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?"

"இதுல என்ன கொறைன்னு நமக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்த எடத்துல என்னன்னு யாருக்குத் தெரியும்? கெணறு கரிச்சாக் கரிக்கட்டும். அந்தக் குழாய்க்குக் கதவு இல்ல, பாருங்க."

கிணற்றுத் தண்ணீரைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கடைப் பலகையில், நான்கு பேர் பார்க்க, அவளே வைத்தாள். மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். விலையைக் கடைக்காரரே குறைத்துக்கொண்டார்.

மறு வருஷம் அங்கே வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். கடைக்காரரும் வந்திருந்தார். வெயிலில் நடந்து வந்த மனிதருக்கு என் மனைவி ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவர் செம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெல்ல மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தேகப்படாமக் குடிங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "குழாய்த் தண்ணிதான். நானே போய்ப் புடிச்சேன்."