ஜாக்கெட் ரெடி

கே.கே. நகரில் ஒரு பெண் வழக்கறிஞரின் அலுவலகத்தில் மூன்று வாரம் வேலை பார்த்தேன். அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு பெண்ணின் தலையில் மண்ணை வாரிப் போட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் செய்யாதே என்று எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

சின்ன அலுவலகங்களுக்குப் போய், அவர்கள் தனித்தனியாக வைத்திருக்கும் ஆப்களை இணைத்துக் கொடுப்பது என் தொழில். அதற்குக் கோடிங் தெரிய வேண்டியதில்லை. திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். இது நடந்தால் அதைச் செய் என்று ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்துவிட்டால் போதும், மிச்சம் தானாக நடக்கும். வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் என்னை இன்ஜினியர் என்றே நினைத்திருந்தார்கள். நானும் மறுத்ததில்லை.

மேடத்தின் அலுவலகத்தில் சந்திப்பு நேரங்கள் எல்லாம் ஒரு கேலண்டர் ஆப்பில் இருந்தன. கட்சிக்காரர்களின் பெயர், ஃபோன் நம்பர், வழக்கு விவரம் வேறொரு மென்பொருளில் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. நடுவில் குமாஸ்தா அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். கேலண்டரைப் பார்த்து, நாளைக்கு வரவேண்டியவர்களை இன்றைக்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்வார். அந்தக் கூப்பிடுகிற வேலையை ஒழிக்கத்தான் மேடம் என்னை வரவழைத்திருந்தார்.

முதல் நாளே அக்கா ஃபோனில் பேசுவது காதில் விழுந்தது.

“அண்ணே, தையக்கடையில இருந்து பேசுறேன். அக்காட்ட ஜாக்கெட் ரெடின்னு சொல்லிருங்க. நாளைக்குக் காலையில பத்தரைக்கு வந்தா வாங்கிக்கிரலாம்.”

அலுவலக நேரத்தில் சொந்த வியாபாரம் நடத்துகிறார் என்று நினைத்தேன். உண்மை எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். புருஷனுக்குத் தெரியாமல் மேடத்திடம் வந்து பிரிவதற்கு வழி கேட்ட பெண்கள் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் சொந்தமாக ஃபோன் இல்லை. அவர்களில் நான் மண்ணை வாரிப் போட்டவள் ஊருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். இரண்டு வருடம் முன்பு நிலப் பாகப்பிரிவினைக்காகப் புருஷனோடு வந்தவள். அதனால் மென்பொருளில் இருந்ததும் புருஷன் நம்பர்தான்; வழக்கு விவரத்தில் மட்டும் மேடம் புதிதாக விவாகரத்து என்று மாற்றியிருந்தார். அக்கா அந்த நம்பருக்கே தையல்காரியாகப் பேசுவார். அவனே வீட்டில் போய், உன் ஜாக்கெட் தச்சாச்சாம் என்று சேதி சொல்வான். திரும்பிப் போகும்போது அவள் கை வெறுமையாக இருக்கக் கூடாதே. அதற்காக அக்கா மேசை டிராயரில் மலிவான ஜாக்கெட்டுகள் வாங்கி வைத்திருந்தார், தன் காசில்.

கேலண்டரில் அந்த ஏழு பேருக்கும் பெயர் கிடையாது. ‘ஜாக்கெட்’ என்ற ஒரே சொல், பக்கத்தில் ஒரு ஃபோன் நம்பர். நான் நம்பரை வைத்துத்தான் கேலண்டரையும் மென்பொருளையும் பொருத்தினேன். ஏழு நம்பரும் ஏற்கெனவே மென்பொருளில் இருந்தன.

“அந்த ஏழையும் தொடாதீங்க தம்பி. அத நான் பாத்துக்கிறேன்” என்றார் அக்கா.

“ஏன்க்கா?”

“தொடாதீங்கன்னா தொடாதீங்களேன்.”

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் காரணம் சொல்ல மாட்டாராம். இப்போது யோசித்தால், என் மூஞ்சியைப் பார்த்தே கணக்குப் போட்டிருக்கிறார், சரியாகத்தான் போட்டிருக்கிறார். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. ஒழுங்காகப் பதியத் தெரியாத பொம்பளை, குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மழுப்புகிறது என்று நினைத்தேன். ‘பொம்பளை’ என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா சாப்பிடப் போன நேரத்தில் ஏழையும் மாற்றினேன். ‘ஜாக்கெட்’ என்றிருந்த இடத்தில் எல்லாம் ‘சட்ட ஆலோசனை’ என்று அடித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என்ன வகைச் சந்திப்பு என்று புரியாமல் திரையில் சிவப்பாக நின்ற ஏழு வரிகளும் பச்சையாயின. மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

திங்கட்கிழமை அக்கா கொழுந்தன் வீட்டு விசேஷம் என்று லீவு. பத்தரை மணிக்கு முதல் நினைவூட்டல் தானாகப் போனது. அதை எழுதியவன் நான்தான்.

‘வணக்கம். நாளை காலை 10.30 மணிக்கு எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் உங்கள் விவாகரத்து தொடர்பான சந்திப்பு உள்ளது. வருகையை உறுதிசெய்யப் பதில் அனுப்பவும்.’

‘விவாகரத்து’ என்பதை நான் தட்டச்சு செய்யவில்லை. என்ன வழக்கு என்பதை மென்பொருளிலிருந்து எடுத்து அந்த இடத்தில் நிரப்பும்படி கோடு இழுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

‘வாரோம்.’

என் வாழ்க்கையில் நான் இணைத்துவிட்ட ஒன்று ஒரு மனுஷனிடமிருந்து பதில் வாங்கியது அதுதான் முதல் தடவை. மேடத்திடம் ஓடிப்போய்க் காட்டினேன். வேறு ஃபைலில் இருந்தவர், திரையைச் சரியாகக்கூடப் பார்க்காமல் “சூப்பர்” என்றார். கீழே போய் டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டேன். தனியாக வருகிற பெண் ஏன் ‘வாரோம்’ என்கிறாள் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் அக்கா பையை வைப்பதற்குள் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

“பாத்தீங்களாக்கா? நீங்க ஃபோனே பண்ண வேண்டாம். ஆளே ஒத்துக்கிட்டாங்க.”

அவர் நம்பரைப் பார்த்தார். நின்றவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இது அவ புருஷன் நம்பருய்யா” என்றார். அதுவரைக்கும் என்னைத் தம்பி என்றுதான் அழைத்தவர்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வாசலில் பைக் நின்றது.

அவன் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறோடு, வீட்டு விசேஷத்துக்கு வந்தவன் போல வந்தான். பின்னால் அவள். சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த புது ஜாக்கெட் போட்டிருந்தாள், கழுத்தும் மூடியிருந்தது. அந்தக் கைக்குள் என்ன இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் சாயாமல் நுனியில் உட்கார்ந்தாள்.

அவன் ஒரு துணிப்பையை மேசையில் கவிழ்த்தான். நான்கு ஜாக்கெட்டுகள் விழுந்தன.

“ஒண்ணுகூட இவளுக்குப் பத்தல மேடம். அளவு எடுக்காமலே தச்சிருக்கீங்க. அதான் நானே நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன்.”

மேடம் அவனை வெளியே இருக்கச் சொன்னார்.

“நான் எதுக்கு மேடம் வெளிய போகணும்? மெசேஜ் எனக்குத்தான வந்துச்சு?”

மேடம் அவளைப் பார்த்து, “நீ சொல்லும்மா” என்றார். திரும்பத் திரும்பக் கேட்டார். போலீஸைக் கூப்பிடட்டுமா என்றுகூடக் கேட்டார். அவள் நிமிரவே இல்லை.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் மேடம். கூறுகெட்டுப் போயி வந்துட்டேன்.”

சொல்லிக்கொண்டே, மேசையில் சிதறிக் கிடந்த ஜாக்கெட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தாள். வலது கையை மட்டும்தான் பயன்படுத்தினாள். நான்கையும் அடுக்கி அக்கா பக்கம் நகர்த்தி வைத்தாள். அக்கா அழுதார். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்.

போகும்போது அவன் என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“நீங்கதான் அந்த மெசேஜ் போட்டதா தம்பி? ரொம்ப நன்றி. இல்லேன்னா இம்புட்டும் எனக்கு எங்க தெரியப்போகுது?”

அவன் கை சில்லென்று இருந்தது. நான் “பரவாயில்லைண்ணே” என்றேன். அதைத்தான் சொன்னேன்.

அவர்கள் போனதும் மற்ற ஆறு பேருக்கும் போகவிருந்த நினைவூட்டல்களை நிறுத்தினேன். மேடம் என்னைத் திட்டக்கூட இல்லை, மத்தியானத்தோடு கிளம்பச் சொன்னார். அக்கா அந்த நான்கு ஜாக்கெட்டையும் டிராயரில் போட்டுப் பூட்டினார்.

“ரெண்டு வருசமா வாயத் தொறக்காத புள்ள. இந்த மூணு நாலு மாசமாத்தான் பேச ஆரம்பிச்சுச்சு. இனிச் செத்தாலும் தொறக்காது” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நினைவூட்டலைத்தான் நிறுத்தியிருந்தேன். சந்திப்பு முடிந்து ஒரு மணி நேரத்தில் தானாகப் போகும் இன்னொரு மெசேஜை மறந்தே போனேன். ‘எங்கள் சேவை எப்படி இருந்தது? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று கேட்பது அது. லேப்டாப்பைப் பையில் வைக்கப் போகும்போது பதில் வந்து நின்றது.

‘5.’

அழிக்க ஒரு நொடி போதும். நான் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு பல் டாக்டரிடம் வேலை கேட்டுப் போனேன். என் வேலைக்குச் சாட்சியாகக் காட்ட என்னிடம் இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். காட்டினேன்.

“யாரு குடுத்தது இது?” என்று கேட்டார்.

“ஒரு கட்சிக்காரர் சார்” என்றேன். “கையைப் பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போனாரு.”

வேலை கிடைத்தது.