தரைக்குப் பதில் சொன்னவர்

மாணவிகளுக்குக் கைப்பந்து சர்வீஸ் பழக்கிக்கொண்டிருந்தபோது அலீஸ் மேடத்தின் தம்பி மகள் கைபேசியில் அழைத்தார். "சார், அத்தை போயிட்டாங்க. காபி கேட்டாங்க, போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." பயிற்சியை நிறுத்திவிட்டு ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் மேடம் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

நம் விளையாட்டரங்கத்தை அவர் நிர்வகித்த காலத்தில் அங்கே ஆடியவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் மகள். அண்ணன்மார் இருவரும் பாரீசில். ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்க போய் குளிர்ல உக்காந்து என்ன பண்றது? இங்க பைப் உடைஞ்சா என்னைத்தானே கூப்புடுறாங்க" என்பார்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டரில் அரங்கத்துக்கு வந்துவிட்டார். கடலோரக் குப்பங்களிலிருந்து ஓடிவந்த ஜனங்கள் வாசலில் நின்றார்கள். உள்ளரங்கில் அப்போதுதான் புது மரத்தரை போட்டிருந்தோம். அடுத்த மாதம் அகில இந்தியக் கைப்பந்துப் போட்டி. மேலதிகாரி ஒருவர் தொலைபேசியில், எல்லோரையும் திறந்த மைதானத்தில் உட்கார வைக்கச் சொன்னார். மேடம் சொன்ன பதிலைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "கைக்குழந்தைங்க இருக்கு சார். தரைக்கு நான் பதில் சொல்றேன்."

கதவு திறந்தும் தனம் என்ற பெண் உள்ளே வரத் தயங்கினார். "காலெல்லாம் சேறும்மா. கண்ணாடியாட்டம் வச்சிருக்கீங்க."

"மிதிக்கத்தானே தரை? வா" என்று மேடம் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

நீச்சல்குளத்துக் குளியலறைகளில் பெண்கள் உப்பும் சேறும் போகக் குளித்தார்கள். உயரம் தாண்டுகிறவர்கள் விழும் மெத்தையில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் படுத்தார். கைப்பந்து வலையில் புடவைகளைப் போட்டு மறைப்புக் கட்டினோம். தனத்தின் கணவரைக் காணவில்லை. மேடம் தனத்தை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார். கடைசியில் உடல்தான் கிடைத்தது. அடக்கம் முடிந்து தனம் திரும்பி வந்ததும் அந்த மரத்தரைக்குத்தான்.

தரை ஊறி உப்பிவிட்டது. போட்டி வேறு ஊருக்குப் போனது. மேடத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்து வேறு துறைக்கு மாற்றினார்கள். கிளம்பும் நாளில் எங்கள் அணித் தலைவியைத் தேடி வந்தார். "சொந்த ஊர்ல ஆடணும்னு ஆசையா இருந்த. என்னாலதான் போச்சு. கோவம் இருந்தா திட்டிடு." அந்தப் பெண் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேடமும் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது அரங்கம் என் பொறுப்பில். போன கார்த்திகை மழையில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தவர்கள் வந்து நின்றபோது, யாரையும் கேட்காமல் உள்ளரங்கைத் திறந்துவிட்டேன். மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"மெமோ வந்துச்சா?" என்றார்.

"இன்னும் இல்லை."

"வரும். வந்தா எடுத்துட்டு வா. என்ன பதில் எழுதறதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து யோசிப்போம்."

மெமோ நேற்று வந்தது. பதிலைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் பயமில்லை. முதலில் திறந்துவிட்டுப் பிறகு பதில் சொல்லலாம் என்ற தைரியத்தை அவர் என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்.