நூற்றுக்கு மேல் புளியங்கொட்டை

நானும் என் மாமனாரும் பேசிக்கொள்வதற்கு வாத்து முட்டை வேண்டியிருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், ஒரே சட்டியில் கிண்டிய களியைத் தின்றோம், ஆனால் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மருமகள் மாமனார் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்ல வேண்டும், மாமியார் அதை அவரிடம் சொல்லுவார்.

இதில் கூத்து என்னவென்றால், அவர் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "அத்தே, தண்ணி காஞ்சிருச்சு, குளிக்க வரலாம்னு சொல்லுங்க" என்று நான் சொல்வது அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் அசைய மாட்டார். "தண்ணி காஞ்சிருச்சாம்" என்று அத்தை திருப்பிச் சொன்ன பிறகுதான் துண்டை எடுத்துத் தோளில் போடுவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மா வீட்டில் பேசிப் பேசியே வளர்ந்தவள். இந்தப் பேசாத விரதம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மாமனார் மொரப்பூர் ஸ்டேஷனில் விளக்குக்காரராக இருந்தவர். பொழுது சாய்ந்தால் கைகாட்டி மரத்தில் ஏறி விளக்கு வைப்பதும், காலையில் இறக்கித் துடைத்துத் திரியைக் கத்தரித்து எண்ணெய் ஊற்றுவதும்தான் வேலை. நான் வந்த வருஷம் அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். முழங்கால் வலி, ஏணி ஏற முடியவில்லை என்றார். என் வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். ஆக, வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

நின்ற கொஞ்ச நாளிலேயே ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பங்களாச் சாமான்களை விற்றபோது வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தேக்குப் பலகையில் செய்த பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு. உள்ளே மேல்பக்கம் ஒரு செம்புத் தொட்டி, அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெளியே பக்கவாட்டில் ஒரு சீமெண்ணெய் விளக்கு. விளக்கு தண்ணீரைச் சூடாக்கும். அந்தச் சூடு கீழே தட்டில் இருக்கிற முட்டைகளுக்கு இறங்கும். தட்டின் ஓரம் ஜுரம் பார்க்கிற குழாய் போல ஒன்று படுத்துக் கிடக்கும். அது நூற்றிரண்டு காட்டினால் கோழி உட்கார்ந்திருப்பதற்குச் சமம் என்று பங்களா பட்லர் சொல்லிக் கொடுத்திருந்தான். "கோழியில்லாம குஞ்சு பொரிக்கும்" என்று மாமனார் அறிவித்தபோது தெருவே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. "விளக்கு தொடைக்காம இவுருக்குக் கையி சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார்.

முதல் தடவை கோழி முட்டை வைத்தார். தானே கூட இருந்து பார்த்துக்கொண்டார். ஒன்றுகூடப் பொரியவில்லை. உடைத்துப் பார்த்தால் பாதி வெந்து கிடந்தது. நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், "என்னங்க, ஆம்லேட் பொரிஞ்சுதா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தை அன்றிலிருந்து கோழி முட்டைகளைப் பானைக்குள் போட்டு, அந்தப் பானையைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரவும் பகலும் மாமனார் பெட்டியின் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்து, அதற்கு "சக்களத்தி" என்று பெயரும் வைத்தார்.

மாமனார் விடவில்லை. தெரிந்த ரயில் கார்டு ஒருவரிடம் சொல்லிக் காவேரிக் கரையிலிருந்து ஒரு கூடை வாத்து முட்டை வரவழைத்தார். வைக்கோலில் பொதிந்து ரயிலில் வந்தது. அத்தை கூடையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இதான் கடைசி வாட்டி. இதுவும் கெட்டுப்போச்சுன்னா உங்க பொட்டியில நான் கேவுரு கொட்டி வெச்சுக்குவேன்."

மாமனார் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவு நாள் ரயில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்ட மனிதர், ஒரு பெட்டி விளக்கிடம் தோற்றுப் போய் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை பொரிய வேண்டுமே என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

அத்தைதான் ஒரு ஏற்பாடு செய்தார். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். "அவ குனிஞ்சு நம்பரு பாக்கட்டும். உங்களுக்குத்தான் குனிஞ்சா முதுவு புடிச்சுக்குதே" என்றார். முதுகு பிடித்துக்கொள்கிறது என்பது மாமனாரே சொன்னதுதான். நான் பார்த்துச் சொல்வேன், அத்தை அதை உரக்கச் சொல்வார், மாமனார் வந்து திரியை ஏற்றுவார் அல்லது இறக்குவார். நன்றாகத்தான் போனது. சூடு சொன்னபடி கேட்டது.

ஒரு வாரம் கழித்துப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஆள் வந்தது. நாத்தனாருக்கு மூன்றாவது பிரசவம், அவளுடைய மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அத்தை உடனே வர வேண்டும் என்றார்கள். அத்தை அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வண்டி தெருமுனை திரும்பியதும் நான் பெட்டியிடம் வந்தேன். நூற்று மூன்று காட்டியது. மாமனார் வாசலில் நின்றிருந்தார். சொல்வதற்கு அத்தை இல்லை.

முதல் நாள் சுவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நூத்தி மூணு காட்டுது போல இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னால் அவர் சங்கடப்பட்டுத் தெருவுக்கே போய்விட்டார். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நூற்றுக்கு மேல் எவ்வளவோ அத்தனை புளியங்கொட்டை. நூற்றுக்குக் கீழே போனால், எவ்வளவு குறைகிறதோ அத்தனை கரித்துண்டு. பெட்டியின் மேல் வரிசையாக வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இரண்டு புளியங்கொட்டை இருந்தால் எல்லாம் சரி. இதைப் பக்கத்து வீட்டுக்காரியை விட்டு அவரிடம் சொல்லச் சொன்னேன். அவர் தலையாட்டினாராம். கரித்துண்டுகளைப் புளியங்கொட்டை அளவுக்கே உடைத்து வைத்தேன், பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமென்று. எனக்கு என் புத்திசாலித்தனத்தின் மேல் ரொம்பப் பெருமை.

பங்குனி வெயில். ஒரு நாள் மத்தியானம் ஓட்டுக் கூரை கொதித்தது. பெட்டிக்குள் பார்த்தால் நூற்றைந்து. திக்கென்றது. ஐந்து புளியங்கொட்டைகளை வைத்துவிட்டு, ஒரு சொம்பைத் தரையில் தட்டினேன். அதுதான் அவரைக் கூப்பிடுகிற வழி. அவர் எழுந்து வந்தார். நான் அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்தேன். பெட்டியின் மேல் குனிந்து எண்ணினார். "அஞ்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். விளக்கின் சாவியைப் பிடித்தார். திரியை ஏற்றினார்.

நான் தொண்டையைச் செருமினேன். அவர் திரும்பவில்லை. பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். ஏதோ கழுவுகிறேன் என்று நினைத்திருப்பார். சுடர் இன்னும் உயர்ந்தது. உள்ளே குஞ்சுகள் வேகிற மாதிரி எனக்குத் தோன்றியது. விரதமாவது மண்ணாவது.

"மாமா, ஏத்தாதீங்க. எறக்குங்க."

அவர் கை அப்படியே நின்றது. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு முழம் தள்ளி, ஆட்டுக்கல்லைப் பார்த்தார்.

"கரிதானே வெச்சிருக்க?" என்றார்.

"இல்லீங்க மாமா. புளியங்கொட்டைங்க."

அவர் சட்டென்று திரியை இறக்கினார். நான் ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து முறத்தால் விசிறினேன். அப்போது அவ்வளவு பக்கத்தில் அவர் கண்களைப் பார்த்தேன். கருவிழியின் மேல் பால் படிந்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டே இருந்ததால் அந்தக் கண்களை நான் பார்த்ததே இல்லை. முதல் தடவை முட்டை ஏன் வெந்தது, குனிந்தால் முதுகு ஏன் பிடிக்கிறது, எல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது.

சூடு இறங்கியது. ஆனால் உயிர் இருக்கிறதா போய்விட்டதா தெரியவில்லை. மாமனார் ஒரு அட்டையில் முட்டையளவு ஓட்டை போட்டார். தானியம் வைக்கிற இருட்டு அறைக்குள் போய், கைவிளக்கின் முன்னால் அட்டையைப் பிடித்து, ஓட்டையில் ஒரு முட்டையை வைத்தார். ஓடு சிவப்பாக வெளிச்சம் விட்டது.

"என்னா தெரியுது?" என்றார். என்னிடம்தான் கேட்டார். அங்கே வேறு யாரும் இல்லை.

"நரம்பு மாதிரி ஓடுதுங்க. நடுவுல கருப்பா இருக்குது."

"ஆடுதா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவரும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கருப்பு மெல்ல ஒரு துள்ளுத் துள்ளியது.

"ஆடுது மாமா."

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிலது ஆடவில்லை, அவற்றை எடுத்து வைத்தோம். மற்றதெல்லாம் ஆடியது. கடைசி முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார்.

"காலு வலியெல்லாம் இல்லம்மா. ஏணி ஏறிப் பச்சைக் கண்ணாடிக்கும் செவப்புக் கண்ணாடிக்கும் தடுமாறுனேன் ஒரு நாளு. வண்டியில எத்தினி சனம் வருது. இனி நமக்கு ஆவாதுன்னு நின்னுட்டேன். அத்தைகிட்ட சொல்லிராத."

"ஏன் மாமா?"

"விளக்குக்காரனுக்குக் கண்ணு தெரியலன்னா சிரிப்பாங்கம்மா."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இப்படி ஒன்றைத் தனியாகச் சுமந்துகொண்டு மனிதர் ஆம்லேட் கிண்டலையும் வாங்கிக் கட்டிக்கொண்டாரே என்று இருந்தது.

அதற்குப் பிறகு புளியங்கொட்டையும் கரித்துண்டும் குப்பைக்கே போயின. நான் நம்பர் சொல்வேன், அவர் திரி பார்ப்பார். அவர் விரல்கள் சுடரின் சூட்டை வைத்தே அளவு தெரிந்துகொள்ளும். முட்டையைத் திருப்பி வைக்கிறபோது, வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்கிறபோது, பேச்சு தானாக வந்தது. கைகாட்டி மரத்தின் மேலிருந்து பார்த்தால் மலை எப்படித் தெரியும் என்று சொல்வார். அதிகம் பேசுபவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னைவிடவும் அதிகம்.

அத்தை திரும்பிய அன்று காலையில் முதல் முட்டையின் ஓட்டில் விரிசல் விட்டிருந்தது. அத்தை மூட்டையை இறக்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அத்தை பெட்டியில் கேழ்வரகு கொட்டப் போகிறாரா, குஞ்சு பார்க்கப் போகிறோமா என்று வந்தவர்கள்தான் பாதிப் பேர். மாமனார் பெட்டியின் முன்னால் நின்றார். நான் வழக்கப்படி அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வாயை மூடிக்கொண்டேன். இத்தனை நாள் பேசியதெல்லாம் இனி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே சத்தம் கேட்டது. கீச்சென்று ஒன்று.

"என்னங்க, பொரிஞ்சுதா? எத்தினி?" என்று யாரோ கேட்டார்கள்.

மாமனார் கண்ணாடியின் மேல் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். ஏதாவது ஒரு கணக்கைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நிமிர்ந்து, அத்தனை பேர் முன்னாலும் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா. நீ பாத்துச் சொல்லு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய்ப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு முழுசா வெளிய வந்துருச்சு மாமா. ரெண்டாவது தலையை நீட்டுது. ஓரத்துல ஒண்ணு ஓட்டை உதைக்குது."

மத்தியானம் வரைக்கும் இப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். எட்டு வெளியே வந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தை மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

முதல் குஞ்சு ஈரம் காய்ந்து பஞ்சாக உப்பியதும் அத்தை வந்து, தானே கதவைத் திறந்து அதை எடுத்தார். மாமனாரின் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மூடிவிட்டார். அது கைக்குள் கத்தியது. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னா நெறம்?" என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நீ சொல்லு என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"மஞ்சளுங்க மாமா. முதுவுல மட்டும் கொஞ்சம் கருப்பு. அத்தை அழுவுறாங்க" என்றேன்.