கண்ணாடியைக் கொத்தும் காக்கா

மாசி பிறந்ததிலிருந்து எங்கள் திருப்பதி வீட்டு ஜன்னலுக்கு ஒரு காக்கா வருகிறது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேறொரு காக்கா என்று நினைத்துக் கொத்திக்கொண்டே இருக்கிறது. "பேப்பர் ஒட்டிடும்மா, தலவலியா கீது" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு எழுந்திருக்கவே அலுப்பாக இருக்கிறது.

நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டைவிட்டுப் போன வருஷமும் இப்படித்தான். நகரி வீட்டு வெளிச்சுவரில் நைனா சவரம் பண்ணும் கண்ணாடியை ஒரு காக்கா கத்திக் கத்திக் கொத்தியது.

"காக்கா கத்திக்கினே கீது, உங்கண்ணன் வந்துடுவான்" என்று அம்மா தினமும் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள். அவன் வரவில்லை. மிஞ்சிய சோறெல்லாம் மறுநாள் காலையில் எனக்குத்தான். பழையது துன்னு அலுத்துப்போய், ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி உள்ளே மாட்டினேன். "காக்கா ஒடைச்சிடும் நைனா" என்றேன். அதற்கப்புறம் காக்கா வரவில்லை.

மூன்றாம் நாள், அள்ளிய அரிசியில் ஒரு பிடியை அம்மா திரும்ப அரிசிப் பானையிலேயே போட்டாள். பிறகு அண்ணன் பேரை அவள் எடுக்கவே இல்லை.

வீட்டுக்காரரே பேப்பரும் பசையுமாக வந்து நிற்கிறார்.

"வேணாங்க, கொத்தட்டும்."